பழைய லாரிக் கதவு மக்கர் செய்தால்: லாக்கை மாற்றுமுன் பார்க்க வேண்டியவை

பழைய வண்டியில் கதவு சரியாகச் சாத்தவில்லை என்றால் உடனே எல்லோரும் சொல்வது "லாக் போயிடுச்சு" என்பதுதான். பெரும்பாலும் லாக் போயிருக்காது. கதவு இறங்கியிருக்கும், ஹேண்டிலை லாக்கோடு இணைக்கும் ராடு கழன்றிருக்கும், இல்லையென்றால் பல வருடத்துக் கிரீஸ் காய்ந்து கருப்பட்டிப் பாகு போல இறுகியிருக்கும்.

இதை நான் காசு கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். எங்கள் வண்டியில் டிரைவர் பக்கக் கதவு எகிறிக்கொண்டே இருந்தது. புது லாக் வாங்கி மாட்டினேன். மறுநாளும் அதே கதைதான். லாக்கைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கடைக்காரர் எழுந்து வண்டிக்கே வந்தார். கதவைத் திறந்து, ஓரத்தை ஒரு கையால் பிடித்துத் தூக்கினார். அரை விரல் உயரம் ஏறி, விட்டதும் 'டொக்'கென்று இறங்கியது. "கீல் செத்துக் கெடக்குது, லாக்கு என்னங்க பண்ணும்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

1986இல் வந்த டாடா 407 மாதிரியான பழைய மினி லாரிகளுக்கும், அந்தக் காலத்துப் பெரிய லாரிகளுக்கும் கீழே உள்ளது பொதுவாகப் பொருந்தும். மாடலுக்கு மாடல் திருகின் இடமும் ராடின் வளைவும் மாறும். வேலை செய்யும் விதம் ஒன்றுதான்.

கதவு ஓரத்தில் லாக் இருக்கிறது. அதில் பிளந்த நாக்கு போல ஒரு இரும்புத் துண்டு தெரியும். கதவைச் சாத்தும்போது, கேபின் தூணில் போல்ட் போட்டிருக்கும் ஸ்ட்ரைக்கர் என்ற இரும்புத் துண்டு அந்த நாக்கைத் தள்ளிச் சுழற்றும். உடனே உள்ளே ஒரு சின்னக் கொக்கி விழுந்து, நாக்கு திரும்பிவிடாமல் பிடித்துக்கொள்ளும். வெளி ஹேண்டிலும் உள் ஹேண்டிலும் செய்வது ஒரே வேலை: ராடு வழியாக அந்தக் கொக்கியை விலக்கிவிடுவது. சாவியும் ஜன்னலோரக் குமிழும் ஹேண்டிலின் இழுப்பு கொக்கிக்குப் போய்ச் சேராமல் தடுக்கின்றன. அவ்வளவுதான் சங்கதி.

எதையும் கழற்றுமுன் செய்யும் சோதனை

கதவை நன்றாகத் திறந்து வையுங்கள். ஒரு ஸ்க்ரூ டிரைவரால் நாக்கை, ஸ்ட்ரைக்கர் தள்ளும் திசையிலேயே தள்ளுங்கள். 'டக்' என்று ஒரு சத்தம் வரும். இன்னும் தள்ளினால் இரண்டாவது 'டக்'. இப்போது நாக்கு முழுப் பூட்டில் இருக்கிறது. வெளி ஹேண்டிலை இழுத்தால் நாக்கு துள்ளித் திரும்ப வேண்டும். மறுபடி தள்ளிப் பூட்டி, உள் ஹேண்டிலை இழுங்கள். பிறகு சாவியைப் போட்டும், குமிழை அழுத்தியும் பாருங்கள்.

எல்லாம் ஒழுங்காக நடந்தால் லாக், ஹேண்டில், ராடு மூன்றும் நன்றாகவே இருக்கின்றன. கோளாறு கீலில், ஸ்ட்ரைக்கரில் அல்லது கதவைச் சுற்றி ஓடும் ரப்பர் பீடிங்கில். திறந்த கதவிலேயே ஏதாவது ஒன்று வேலை செய்யவில்லை என்றால்தான் டோர் பேடை, அதாவது கதவின் உள்பக்க அட்டையைக் கழற்ற வேண்டும்.

சோதனை முடிந்ததும் ஹேண்டிலை இழுத்து நாக்கைத் திறந்த நிலைக்குக் கொண்டுவர மறக்காதீர்கள். பூட்டிய நாக்கோடு கதவை ஓங்கிச் சாத்தினால் நாக்கு ஸ்ட்ரைக்கரில் முட்டும். நன்றாக இருந்த லாக்கும் வளைந்துவிடும்.

சாத்தினால் நிற்கவே இல்லை, எகிறித் திரும்பி வருகிறது

முதலில் நாக்கைப் பாருங்கள். யாராவது விளையாட்டாகத் தள்ளி அது பூட்டிய நிலையில் நின்றிருக்கலாம். ஹேண்டிலை இழுத்துவிட்டால் வேலை முடிந்தது. இதற்காகப் பட்டறைக்கு வண்டியைக் கொண்டு போனவர்கள் உண்டு.

நாக்கு திறந்துதான் இருக்கிறது, தள்ளினால் 'டக்' சத்தமே வரவில்லை என்றால், கொக்கி விழவில்லை என்று அர்த்தம். சிமெண்டு, தவிடு, செங்கல் தூள் என்று வண்டி ஏற்றாத பொருள் இல்லை. அத்தனையும் பழைய கிரீஸோடு சேர்ந்து கொக்கியை ஒட்டிப் பிடித்திருக்கும். ஒரு பழைய பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் முக்கி, லாக்கின் வாயில் ஊற்றி ஊற்றித் தேயுங்கள். நடு நடுவே ஸ்க்ரூ டிரைவரால் நாக்கைத் தள்ளி, ஹேண்டிலை இழுத்துக்கொண்டே இருங்கள். பத்து, இருபது தடவைக்குப் பிறகு கருப்புச் சாறு இறங்கும். சத்தம் மந்தமாக 'தொப்' என்றிருந்தது மெல்ல 'டக்' என்று கூர்மையாகும். அந்தச் சத்தம் வரும்வரை விடாதீர்கள். கழுவும்போது பக்கத்தில் பீடி, சிகரெட் வேண்டாம்.

ஸ்ப்ரே டப்பா இருந்தால் வேலை சுலபம். ஆனால் டபிள்யூடி-40 அடித்ததோடு நிறுத்திவிடாதீர்கள். அந்தப் பெயரே தண்ணீரை விரட்டும் 40ஆவது கலவை என்பதைத்தான் குறிக்கிறது. துருவை இளக்கும், அழுக்கைக் கரைக்கும், இருந்த கொஞ்சநஞ்சக் கிரீஸையும் கழுவிக்கொண்டு போய்விடும். காய்ந்த பிறகு நாக்கின் மீதும் அச்சிலும் கொஞ்சம் கிரீஸ் வையுங்கள். கொஞ்சம்தான். அள்ளி அப்பினால் அடுத்த லோடு தூசியை அதுவே பிடித்து வைத்துக்கொள்ளும்.

கழுவியும் கொக்கி விழவில்லையா? உள்ளே ஸ்பிரிங் உடைந்திருக்கும். ரிவெட் அடித்த லாக்காக இருந்தால் அதைப் பிரித்து ஸ்பிரிங் மாற்றுவது நம் நேரத்துக்கு ஆகாது. அப்போதுதான் புது லாக்.

ஓங்கி அடித்தால்தான் சாத்துகிறது

பழைய லாரியில் அதிகம் பார்ப்பது இதைத்தான். காரணம் பாதி நேரம் நாமேதான். கேபினில் ஏறும்போது தூணில் இருக்கும் கைப்பிடியைப் பிடிக்காமல் கதவையே பிடித்துத் தொங்கி ஏறுகிறோம். ஒரு நாளைக்கு இருபது தடவை, இருபது வருடம். மேல் கீலின் பின் தேய்ந்து, ஓட்டை முட்டை வடிவமாகிவிடும். அதனால்தான் கிளீனர் பக்கக் கதவு நன்றாகச் சாத்தும், டிரைவர் பக்கம் தகராறு செய்யும்.

கதவைப் பாதி திறந்து, லாக் இருக்கும் ஓரத்தைக் கீழிருந்து தூக்கிப் பாருங்கள். அப்போது கண் கீலின் மேல் இருக்கட்டும். கதவோடு கீலின் ஒரு பாதி மட்டும் ஏறி இறங்கினால் பின் தேய்ந்திருக்கிறது. கீல் முழுசாகத் தூணை விட்டு அசைந்தால் போல்ட் லூசு. தூணின் தகடே உள்ளே வாங்குகிறது என்றால் அங்கே துரு தின்றிருக்கிறது. அதை ஸ்பேனரால் சரி செய்ய முடியாது, டிங்கரிங் பட்டறைக்குப் போய் தகடு வைத்து வெல்டிங் அடிக்க வேண்டும்.

போல்ட் லூசு என்றால் இறுக்குமுன் கதவைச் சரியான உயரத்துக்குத் தூக்க வேண்டும். கீழே ஜாக்கி வைத்து, அதன் மேல் மரக்கட்டையும் மடித்த சாக்கும் வைத்து, கதவின் இடைவெளி மேலும் கீழும் ஒரே மாதிரி வரும்வரை மெதுவாக ஏற்றுங்கள். கதவு சாய்ந்துவிடாமல் ஒரு ஆள் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு இறுக்குங்கள்.

பின் தேய்ந்திருந்தால் புதுப் பின் மட்டும் போட்டுப் பயனில்லை, ஓட்டையும்தான் தேய்ந்திருக்கிறது. கீலைக் கழற்றி லேத் பட்டறையில் கொடுத்தால் ஓட்டையை வட்டமாக விரித்துப் பித்தளை புஷ் போட்டு, அதற்கேற்ற பின் கடைந்து தருவார்கள். மேல் கீல், கீழ் கீல் இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள். ஒன்று புதிதும் ஒன்று பழையதுமாக இருந்தால் கதவு கோணிக்கொள்ளும். பாடி கட்டும் நாமக்கல், கரூர் பக்கம் இதைத் தினப்படி வேலையாகச் செய்யும் பட்டறைகள் நிறைய உண்டு.

கீலில் ஆட்டமே இல்லை, ஆனாலும் அடித்துச் சாத்த வேண்டியிருக்கிறது என்றால் ஸ்ட்ரைக்கரைப் பாருங்கள். அதன் மேல் லேசாகக் கிரீஸ் தடவி, கதவை மெதுவாகச் சாத்தித் திறங்கள். நாக்கு எங்கே படுகிறது என்று தடம் சொல்லிவிடும். மேலே மட்டும் உரசினால் ஸ்ட்ரைக்கர் உயரமாக இருக்கிறது, அதைச் சற்று இறக்க வேண்டும். கீழே உரசினால் சற்று ஏற்ற வேண்டும். நடுவில் சரியாகத்தான் படுகிறது, ஆனால் கதவு ஆழமாகப் போக மறுக்கிறது என்றால் வெளிப்பக்கம் ஒரு நூல் அளவு நகர்த்துங்கள்.

நகர்த்துமுன் ஸ்ட்ரைக்கரைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். குழம்பிவிட்டால் பழைய இடத்துக்காவது திரும்பலாம். இன்னொன்று: போல்டுகளை லூசு மட்டும் செய்யுங்கள், எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றாதீர்கள். பல வண்டிகளில் நட்டுப் பட்டை தூணுக்குள் சும்மா மிதந்துகொண்டிருக்கும். கழன்றால் தூணின் அடியில் போய் விழும். அப்புறம் காந்தம் கட்டி மீன் பிடிப்பது போலப் பிடிக்க வேண்டும். ஸ்டார் ஸ்க்ரூ துருவேறி இறுகியிருந்தால் வெறும் ஸ்க்ரூ டிரைவரால் திருகித் தலையைக் கெடுக்காமல், சுத்தியால் அடித்தால் சுழலும் இம்பாக்ட் டிரைவரை வாங்குங்கள்.

சமீபத்தில் புது ரப்பர் பீடிங் போட்டிருந்தால் சில நாள் பொறுங்கள். அது அமுங்கும்வரை கதவு கனமாகத்தான் இருக்கும்.

பாதியில் நிற்கிறது, ஓடும்போது கடகடக்கிறது

சோதனையில் கேட்ட இரண்டு 'டக்'கில் முதலாவது பாதிப் பூட்டு. அது கதவு திடீரென்று பறக்காமல் இருக்க வைத்த காவல், அதை நம்பி ஓட்டுவதற்கல்ல. கதவு லாக்குகளுக்கான ஐ.நா. ஒழுங்குமுறை 11, முழுப் பூட்டு 11,000 நியூட்டன் இழுப்பைத் தாங்க வேண்டும் என்கிறது. பாதிப் பூட்டுக்குக் கேட்பது 4,500 நியூட்டன்தான். நம் கணக்கில் ஏறக்குறைய 1,100 கிலோவும் 450 கிலோவும். அதுவும் புது லாக்குக்கு. தேய்ந்த லாக்கின் பாதிப் பூட்டில் சாய்ந்து உட்கார்ந்து போகும் கிளீனர் பையனை நினைத்துப் பாருங்கள்.

காரணம் மேலே சொன்னதேதான்: கதவு இறங்கியது, ஸ்ட்ரைக்கர் உள்ளே தள்ளியிருப்பது, அல்லது கிரீஸ் காய்ந்தது.

சாத்தும்போது முழுப் பூட்டில் விழுந்த கதவு, பள்ளத்தில் இறங்கியதும் தானாகத் திறக்கிறது என்றால் வேறு விஷயம். நாக்கின் முனையோ கொக்கியின் முனையோ தேய்ந்து மழுங்கியிருக்கலாம். அப்படியென்றால் லாக்கை மாற்றுங்கள், அரம் போட்டுக் கூராக்கும் வேலையெல்லாம் வேண்டாம். ஆனால் அதற்கு முன் ராடைப் பாருங்கள். முன்பு யாரோ ராடை அளவுக்கு மேல் இறுக்கி மாட்டியிருந்தால், ஹேண்டிலைத் தொடாமலே கொக்கி எப்போதும் பாதி விலகியபடி இருக்கும். ஹேண்டிலை இழுக்கும்போது முதல் ஒன்றிரண்டு மி.மீ. சும்மா வர வேண்டும். வரவில்லை என்றால் ராடின் மரையை ஓரிரு சுற்று தளர்த்துங்கள்.

வெளி ஹேண்டில் காற்றை இழுப்பது போல வருகிறது

ராடு கழன்றிருக்கிறது, இல்லையென்றால் அதைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் கிளிப் உடைந்திருக்கிறது. இனி டோர் பேடைக் கழற்ற வேண்டும்.

கண்ணாடியை முழுக்க மேலே ஏற்றிவிடுங்கள். உள் ஹேண்டிலின் திருகு, கைதாங்கியின் திருகு, பிறகு கண்ணாடி ஏற்றும் கைப்பிடி. அதில் திருகு தெரியவில்லை என்றால் பின்னால் ஒரு வளைந்த கம்பிக் கிளிப் இருக்கும். நீளமான பழைய துணியைக் கைப்பிடிக்கும் பேடுக்கும் நடுவே நுழைத்து, ஷூ பாலிஷ் போடுவது போல இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி இழுங்கள். கிளிப் துள்ளி வெளியே வரும். எங்கே விழுகிறது என்று கண் வைத்திருங்கள். பேடு பழைய ஹார்ட்போர்டாக இருந்தால் ஈரத்தில் ஊறி அப்பளமாகியிருக்கும். ஒரே இழுப்பாக இழுக்காமல், ஒவ்வொரு பொத்தானுக்கும் பக்கத்தில் பட்டையான ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்புங்கள்.

கை விடுமுன் கதவின் அடியில் ஒரு துணியை விரித்துவிடுங்கள், கிளிப் விழுந்தால் தேட வேண்டாம். தகட்டின் ஓரம் பிளேடு மாதிரி இருக்கும், முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்வது நல்லது. எங்கள் கதவுக்குள் ஒரு ஐம்பது காசு, காய்ந்து கல்லாகிப்போன எலுமிச்சம்பழம், கண்ணாடி ஆடாமல் இருக்கச் செருகிய டோல்கேட் சீட்டுக் கத்தை, அப்புறம் நாங்கள் தேடிக்கொண்டிருந்த கிளிப் எல்லாம் கிடைத்தன.

எந்த ராடு எந்த ஓட்டையில் போகிறது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு ராடுகள் பார்க்க ஒன்று போலவே இருக்கும், மாற்றி மாட்டினால் ஹேண்டிலை இழுக்கும்போது பூட்டிக்கொள்ளும். உடைந்த கிளிப்புக்குப் பதில் கட்டுக்கம்பி சுற்றுவது வழக்கம்தான். வீடு வந்து சேர அது போதும். நிரந்தரமாக விட்டால் கம்பி ஓட்டையை அறுத்துப் பெரிதாக்கிவிடும், பிறகு எந்தக் கிளிப்பும் அதில் நிற்காது. கிளிப் சில்லறை விலைதான்; நான்கைந்து வாங்கி டேஷ்போர்டில் போட்டு வையுங்கள்.

பொத்தானை அழுத்தித் திறக்கும் பழைய ஹேண்டிலாக இருந்தால், பொத்தானின் பின்னால் ஒரு சின்ன போல்ட் லாக்கின் நெம்புகோலைத் தொடும். தேய்மானத்தில் அந்த இடைவெளி கூடியிருந்தால் பொத்தான் முழுக்க உள்ளே போயும் கதவு திறக்காது. அந்த போல்டைக் கொஞ்சம் வெளியே திருகிவிட்டு நட்டை இறுக்கினால் போதும். அப்போதும் அந்த ஒன்றிரண்டு மி.மீ. இடைவெளியை விட்டுவைக்க வேண்டும்.

ஹேண்டில் இழுத்த இடத்திலேயே நின்றுவிடுகிறதா? எஃப்சிக்கு, அதாவது வண்டியின் தகுதிச் சான்றிதழுக்கு, பெயிண்ட் அடித்த பிறகு இது அடிக்கடி நடக்கும். எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு வருடா வருடம் எஃப்சி, அவசரத்தில் ஹேண்டிலைக் கழற்றாமல் அதன் மேலேயே அடித்துவிடுகிறார்கள். அச்சில் இறங்கிய பெயிண்டைத் தின்னர் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

உள்ளிருந்து திறக்க முடியவில்லை

கண்ணாடியை இறக்கி, கையை வெளியே விட்டு, வெளி ஹேண்டிலை இழுத்து இறங்கும் டிரைவர்கள் எத்தனை பேர்! பழகிவிட்டால் அது கோளாறாகவே தெரியாது. என் கணக்கில் இந்தப் பட்டியலில் முதலில் சரி செய்ய வேண்டியது இதுதான். வண்டி சாய்ந்தாலோ தீப்பிடித்தாலோ கண்ணாடியை இறக்க நேரம் இருக்காது.

உள் ஹேண்டிலிலிருந்து லாக் வரை போகும் ராடு நீளமானது. நடுவில் அது வளையாமல் தாங்க ஒரு பிளாஸ்டிக் வழிகாட்டி இருக்கும். அது உடைந்தால் ஹேண்டிலின் இழுப்பெல்லாம் ராடு வளைவதிலேயே போய்விடும், லாக்குக்கு எதுவும் வந்து சேராது. பேடைக் கழற்றி ஹேண்டிலை இழுத்துக்கொண்டே பார்த்தால் ராடு வில்லாக வளைவது தெரியும். ராடை நேராக்கி வழிகாட்டியை மாற்றுங்கள். ராடு தகட்டில் உரசி இரைந்தால் அந்த இடத்தில் சைக்கிள் வால்வ் டியூப் ஒரு துண்டு மாட்டிவிடுங்கள்.

உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. சாத்திய கதவு சாத்தியபடியே

கடப்பாரையைக் கீழே வையுங்கள். ஒருவர் வெளியே நின்று முழங்காலால் கதவை உள்பக்கம் அழுத்தட்டும், உள்ளே இருப்பவர் ஹேண்டிலை இழுத்துப் பிடித்துக்கொள்ளட்டும். அழுத்தி, விட்டு, அழுத்தி, விட்டு. ஸ்ட்ரைக்கரின் இறுக்கம் குறையும் நொடியில் கொக்கி விலகும். ஜன்னல் ரப்பர் இடுக்கு வழியாக லாக் மீது ஸ்ப்ரே அடித்து அரை மணி நேரம் ஊறவிடுவதும் உதவும்.

அதுவும் பலிக்கவில்லை என்றால், மறுபக்கக் கதவு வழியாக ஏறி, சாத்திய கதவிலேயே பேடைக் கழற்றுங்கள். பேடு கொஞ்சம் கிழிந்தாலும் பரவாயில்லை. தகட்டின் திறப்பு வழியாகக் கையை விட்டு, ராடை நம்பாமல் லாக்கின் நெம்புகோலையே விரலால் தள்ளுங்கள். பிற்பாடு மாட்டிய சென்ட்ரல் லாக் இருந்தால் அதன் மோட்டார் ராடை முதலில் கழற்றிவிடுங்கள். மோட்டார் பாதியில் சிக்கி எல்லாவற்றையும் பிடித்து வைத்திருக்கும்.

சாவி தகராறு

சாவி நுழைகிறது, திரும்ப மறுக்கிறது என்றால் எண்ணெய் விடாதீர்கள். எண்ணெயும் தூசியும் சேர்ந்து உள்ளே இருக்கும் மெல்லிய தகடுகளை ஒட்டிவிடும். கிராஃபைட் பொடி நல்லது. இல்லையென்றால் பென்சில் முனையைச் சாவியின் பற்களில் நன்றாகத் தேய்த்து, நாலைந்து தடவை போட்டு எடுங்கள். பழைய சாவியைப் பார்த்து டூப்ளிகேட் வெட்டினால், அதன் தேய்மானமும் சேர்ந்தே வெட்டப்படும். வீட்டில் உபயோகிக்காமல் கிடக்கும் சாவி இருந்தால் அதைக் கொடுத்து வெட்டச் சொல்லுங்கள்.

சாவி முழுக்கச் சுற்றுகிறது, ஒன்றும் நடக்கவில்லை என்றால் பின்பக்கம் ராடு கழன்றிருக்கும். சாவியோடு சேர்ந்து பூட்டே சுற்றினால், அதைக் கதவுத் தகட்டில் பிடித்திருக்கும் குதிரை லாடம் போன்ற கிளிப் தளர்ந்திருக்கிறது.

பேடு கழன்றிருக்கும்போதே

கதவின் அடி விளிம்பில் தண்ணீர் வடியும் ஓட்டைகள் இருக்கும். ஒரு கம்பியால் குத்திவிடுங்கள். அவை அடைத்தால் மழைத்தண்ணீர் உள்ளேயே நின்று, முதலில் கதவின் அடியையும் பிறகு லாக்கையும் தின்னும். பேடுக்குப் பின்னால் இருந்த பாலித்தீன் தாளைக் குப்பையில் போடாதீர்கள். கிழிந்திருந்தால் உரச்சாக்கின் உள்தாளை வெட்டி ஒட்டினாலும் சரிதான்.

கடைசியில் லாக்கையே மாற்ற வேண்டி வந்தால், பழையதைக் கையோடு கொண்டு போங்கள். இடது, வலது இரண்டும் ஒன்று போலத் தெரியும். கடைக்காரரும் அவசரத்தில் மாற்றிக் கொடுத்துவிடுவார். பழைய வண்டிச் சாமான் விற்கும் சென்னைப் புதுப்பேட்டை மாதிரி இடத்தில் பழைய லாக் எடுப்பதில் தப்பில்லை, சில சமயம் அதன் இரும்பு புதியதைவிடக் கனமாகவே இருக்கும். கடையிலேயே ஸ்க்ரூ டிரைவரால் நாக்கைத் தள்ளி, இரண்டு 'டக்' கேட்ட பிறகு காசைக் கொடுங்கள்.